இலவசமாக் குடுத்தவங்க திரும்பக் கேட்டா? ஒரு லட்ச ரூபாயில் ஒரு சர்வர்

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான். குறுக்கே பேச ஆள் இல்லாததால கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற வடிவத்துல வருது. “அண்ணா, ஆபீஸ்ல ஒரே ஒரு சர்வர் வாங்கத்தான் பட்ஜெட். அதுல நாலஞ்சு மெஷின் ஓட்டணும். சாஃப்ட்வேருக்கு ஒரு ரூபா கூட கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. எதைப் போடட்டும்?” கேக்குறவங்களுக்குப் பெரும்பாலும் 23, 24 வயசு. சின்னக் கம்பெனியில ‘ஐ.டி. பையன்’னு ஒருத்தர் இருப்பாரு இல்லையா, அவங்கதான். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் அவங்களைத்தான் கூப்பிடுவாங்க, சர்வர் வாங்கணும்னாலும் அவங்களைத்தான் கூப்பிடுவாங்க. நானும் அப்படி ஒரு பையனா இருந்தவன்தான்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். நான் இப்போ ப்ராக்ஸ்மாக்ஸ் போடுறேன். ஆனா அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுட்டு நீங்க போயிட்டா பிரயோஜனமில்ல. நான் அதுக்கு வந்து சேர்ந்ததே பதினொரு நாள் கணக்கைத் தொலைச்ச பிறகுதான்.

இந்த விஷயத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரெண்டே நிமிஷம். விர்ச்சுவலைசேஷன்னா என்ன? ஒரு பெரிய வீட்டை நாலு போர்ஷனாப் பிரிச்சு வாடகைக்கு விடுற மாதிரி. வீடு ஒண்ணு, தண்ணித் தொட்டி ஒண்ணு, மீட்டர் ஒண்ணு. ஆனா ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. யாருக்கு எவ்வளவு தண்ணி, எப்போ மோட்டார் போடணும்னு பாத்துக்குற ஹவுஸ் ஓனர்தான் ஹைப்பர்வைசர். குடித்தனங்கள்தான் விர்ச்சுவல் மெஷின்கள், சுருக்கமா வி.எம். ஒண்ணுல விண்டோஸ், பக்கத்துல லினக்ஸ். ஒருத்தர் வீட்டுல ஏதாவது உடைஞ்சா அடுத்தவங்களுக்குத் தெரியாது. கன்டெய்னர்னு ஒண்ணும் கேள்விப்பட்டிருப்பீங்க. அது தனி ரூம், ஆனா பொதுச் சமையலறை. அந்தச் சமையலறைதான் லினக்ஸ் கெர்னல். செலவு குறைவு, இடமும் குறைவு. ஆனா அங்க விண்டோஸைக் குடி வைக்க முடியாது.

சரி, கதைக்கு வரேன்.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலை. பம்புக்கு உதிரி பாகம் கடைஞ்சு குடுக்குறவங்க. ஆறு லேத், இருபத்தஞ்சு பேர், முன்னாடி ஒரு ஆபீஸ் ரூம். 2019-ல் அங்க சர்வர் வச்சது நான்தான். கணக்குக்கு ஒரு விண்டோஸ் வி.எம்., டிராயிங் ஃபைல்களுக்கு ஒரு வி.எம்., வருகைப் பதிவு மெஷினுக்கு ஒண்ணு. மேல ஒரு இலவச எடிஷன் ஹைப்பர்வைசர். எதுன்னு பேர் சொல்லப் போறதில்ல. ஏன்னா தப்பு அதோடது இல்ல, என்னோடது. அந்த எடிஷன்ல பேக்கப் சாஃப்ட்வேர் தானா உள்ள வந்து காப்பி எடுக்க முடியாதுன்னு தெளிவா எழுதியே இருந்தாங்க. நான் படிக்கல. போட்ட பிறகுதான் தெரிஞ்சது.

அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி: ஞாயித்துக்கிழமை காலையில போய் எல்லா வி.எம்.மையும் நிறுத்தி, ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்குல காப்பி எடுத்துட்டு, திரும்ப ஆன் பண்ணிட்டு வரணும். ரெண்டு வருஷம் ஒழுங்காப் போனேன். பேக்கப் ஒரு ஆளோட ஞாயித்துக்கிழமையை நம்பி இருந்துச்சு, அவ்வளவுதான் சிஸ்டம்.

2021-ல் ஒரு ஞாயிறு. பொள்ளாச்சியில ஃப்ரெண்ட் கல்யாணம். போகல. நாலு நாள் கழிச்சு வியாழக்கிழமை காலையில போன். “தம்பி, கணக்கு தொறக்க மாட்டேங்குதுங்க.”

நடந்தது இது. மூணு டிஸ்க் போட்டு ரெய்டு 5 வச்சிருந்தேன். ஒரு டிஸ்க் செத்தா மத்த ரெண்டு தாங்கிக்கும், ரெண்டு செத்தா எல்லாம் போச்சு. முதல் டிஸ்க் செத்தது எப்பன்னா, ஒன்றரை மாசம் முன்னாடி. சர்வர் அன்னிலேர்ந்து பீப் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அது இருந்தது லேத் ஓடுற ஷெட்டுக்கு ஒட்டின ஸ்டோர் ரூம்ல. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? ஆரஞ்சு விளக்கு மின்னுறதை ஹெல்பர் பையன் பாத்திருக்கான். ‘சர்வர் நல்லா வேலை செய்யுது போல’ன்னு நெனச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை தோறும் போன நானும் அந்த விளக்கைப் பாக்கல. டிஸ்க்கை மாட்டி, காப்பி போட்டு, டீ குடிச்சுட்டு வந்திருக்கேன். பதினோராவது நாள் ரெண்டாவது டிஸ்க்கும் போயிடுச்சு.

கடைசி காப்பி பதினொரு நாள் பழசு. மாசம் 20-ம் தேதிக்குள்ள ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடணும். அங்க கணக்கு பாக்குற அக்காவும் நானும் மூணு ராத்திரி உக்காந்து பில் புக்கைப் பாத்துப் பாத்துத் திரும்ப ஏத்தினோம். கார்பன் காப்பி மங்கின இடத்துல பார்ட்டிக்கு போன் பண்ணி, “உங்களுக்கு நாங்க போட்ட பில் எவ்வளவுங்க?”ன்னு நாங்களே கேட்டோம். முதலாளி திட்டல. அக்காதான் ரெண்டாவது ராத்திரி ஒண்ணு சொன்னாங்க: “கம்ப்யூட்டர்ல போட்டா பத்திரம்னு நீங்கதானுங்க தம்பி சொன்னீங்க.” கோவமாக் கூடச் சொல்லல. அதான் இன்னும் உறுத்துது.

அதனால எந்தப் பிளாட்ஃபார்ம்னு யோசிக்கும்போது நான் இப்போ கேக்குற முதல் கேள்வி வேகம் இல்ல, வசதி இல்ல. ‘இதுலேர்ந்து நான் தானியங்கியா பேக்கப் எடுக்க முடியுமா? எடுத்ததை இன்னொரு மெஷின்ல திரும்ப எழுப்ப முடியுமா? அதுக்குத் தனியாக் காசு கேப்பாங்களா?’ இதுக்கு இலவசத்துலயே பதில் இல்லைன்னா, அது எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் பட்டியல்லேர்ந்து அடிச்சுடறேன்.

ரெண்டாவது கேள்வி: இந்த இலவசத்தை யார் குடுக்குறாங்க, அவங்களால திரும்ப எடுத்துக்க முடியுமா?

நம்ம மொழியில இதுக்கு ஒரு வசதி இருக்கு. இங்கிலீஷ்ல ‘ஃப்ரீ’ன்னு ஒரே வார்த்தை. தமிழ்ல ‘இலவசம்’ வேற, ‘கட்டற்ற’ வேற. இலவசம்னா காசு வாங்கல, அவ்வளவுதான். குடுத்தவர் மனசு மாறினா நாளைக்கே நிறுத்தலாம். கட்டற்ற மென்பொருள்னா அதோட மூல நிரலே உங்க கையில இருக்கு, மாத்தவும் மத்தவங்களுக்குக் குடுக்கவும் உரிமை இருக்கு. அதை உருவாக்கின கம்பெனி நாளைக்குக் கதவைச் சாத்தினாலும் ஏற்கெனவே வெளியான நிரலைத் திரும்பப் பிடுங்க முடியாது. வேற யாராவது எடுத்து நடத்தலாம்.

இது ஏதோ தத்துவம் இல்ல. கடந்த சில வருஷத்துல இந்தத் துறையில இது திரும்பத் திரும்ப நடந்திருக்கு.

முதல்ல ஜென்சர்வர். அடியில இருக்குற ஜென் ஹைப்பர்வைசர் இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாப் பிறந்தது, 2003-ல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. பிறகு அது வணிகமாகி சிட்ரிக்ஸ் கையில போச்சு. 2013-ல் ஜென்சர்வரை முழுசா ஓபன் சோர்ஸ் ஆக்கினாங்க. 2017 டிசம்பரில் 7.3 பதிப்பு வந்தபோது, அதுவரைக்கும் இலவசமா இருந்த பல வசதிகளைக் காசு கட்டுற எடிஷனுக்கு நகர்த்திட்டாங்க. அப்போ என்ன ஆச்சு? நிரல் வெளியில இருந்ததால பிரான்ஸ்ல கிரெனோபிள் நகரத்துல இருக்குற வேட்ஸ்ங்கற கம்பெனிக்காரங்க அதை எடுத்தாங்க. 2018-ல் கிக்ஸ்டார்ட்டர்ல மக்கள்கிட்ட காசு திரட்டி, எடுத்த வசதிகளைத் திரும்ப வச்சு எக்ஸ்.சி.பி.-என்.ஜி. கொண்டுவந்தாங்க. கட்டற்றதா இருந்ததால அது சாகல.

அடுத்தது மைக்ரோசாஃப்ட். ஹைப்பர்-வி சர்வர்னு தனியா ஒண்ணு இலவசமாக் குடுத்தாங்க. விண்டோஸ் லைசென்ஸே வேணாம், டவுன்லோடு பண்ணிப் போட்டுக்கலாம். 2019 பதிப்போட அது நின்னுடுச்சு, 2022-க்கு வரவே இல்ல. இருக்குற 2019 பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் 2029 ஜனவரி வரைக்கும்தான். ஹைப்பர்-வி சாகல, காசு குடுத்து வாங்குற விண்டோஸ் சர்வருக்குள்ள இருக்கு. செத்தது இலவசம் மட்டும்.

மூணாவதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. வி.எம்.வேர். 1998-ல் கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்ச கம்பெனி. ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.-யை 2008-லேர்ந்து இலவசமாவும் குடுத்துட்டு வந்தாங்க. அதைப் போட்டுத்தான் ஒரு தலைமுறையே இந்த வேலையைக் கத்துக்கிட்டது. ஒரு வி.எம்.முக்கு எட்டு விர்ச்சுவல் சி.பி.யு.வுக்கு மேல கிடையாது, வி.சென்டரோட இணைக்க முடியாது, பேக்கப் சாஃப்ட்வேர் பயன்படுத்துற கதவு மூடியிருக்கும்னு வரம்புகள் இருந்துச்சு. 2023 நவம்பரில் பிராட்காம் அந்தக் கம்பெனியை வாங்கி முடிச்சது. டிசம்பர்லயே ஒரு தடவை வாங்கி வச்சுக்குற லைசென்ஸை நிறுத்திட்டு எல்லாத்தையும் சந்தா ஆக்கினாங்க. 2024 பிப்ரவரியில இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.-யும் நின்னுச்சு. 2025 ஏப்ரலில் 8.0 பதிப்போட ஒரு அப்டேட்ல திரும்ப வந்துச்சு!

திரும்ப வந்ததுல எனக்குச் சந்தோஷம்தான். வேலைக்கு விண்ணப்பிக்கிற இடத்துல இன்னும் வி.எம்.வேர் தெரியுமான்னு கேக்குறாங்க, வீட்டுல போட்டுக் கத்துக்கலாம். வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பர்லேர்ந்து எல்லாருக்கும் இலவசம், உங்க லேப்டாப்லயே பழகலாம். ஆனா ஒரு கம்பெனியோட கணக்கை அதுல வைக்கிறதா? 2024-ல் இல்லாம போய் 2025-ல் திரும்ப வந்த ஒண்ணு, அடுத்த வருஷம் இருக்குமான்னு நான் யார்கிட்ட கேக்குறது? என் தூக்கத்தை அது மேல வைக்க நான் தயாரில்ல. இது என் கருத்து, அங்க வேலை பாக்குறவங்க யாராவது கேட்டுட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க.

இப்போ ப்ராக்ஸ்மாக்ஸ். ஆஸ்திரியாவுல வியன்னாவுல இருக்குற ஒரு சின்னக் கம்பெனி. முதல் பதிப்பு 2008-ல் வந்தது. இது ஒரு டெபியன் லினக்ஸ்தான், அதுக்கு மேல ஒரு நல்ல வெப் பக்கம் கட்டியிருக்காங்க. வி.எம்.களை ஓட்டுறது கே.வி.எம். இது 2007 பிப்ரவரியில வெளியான 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கு. கன்டெய்னருக்கு எல்.எக்ஸ்.சி. ப்ராக்ஸ்மாக்ஸ்காரங்க எழுதின நிரலுக்கு ஏ.ஜி.பி.எல். லைசென்ஸ். அப்போ இவங்க எப்படிப் பிழைக்கிறாங்க? வருஷச் சந்தா விக்கிறாங்க. ஒரு சி.பி.யு. சாக்கெட்டுக்குக் கணக்கு, இருக்கிறதுலயே குறைஞ்ச சந்தா வருஷத்துக்கு 100 யூரோவுக்குக் கொஞ்சம் மேல. சந்தா கட்டினா நல்லாச் சோதிச்ச அப்டேட் கிடைக்கும். கட்டலைன்னாலும் எந்த வசதியும் பூட்டப்படாது. ஒவ்வொரு தடவை லாகின் பண்ணும்போதும் ‘உங்களுக்குச் சந்தா இல்லை’ன்னு ஒரு பெட்டி வரும், ஓ.கே. அழுத்திட்டுப் போகலாம். அந்தப் பெட்டியை எடுக்க ஸ்கிரிப்ட் தேடாதீங்கப்பா. நாம ஓசியில சாப்பிடுறோம்னு ஒருத்தர் மரியாதையா ஞாபகப்படுத்துறாரு, அது இருக்கட்டும்.

எக்ஸ்.சி.பி.-என்.ஜி.-யும் நல்ல தேர்வுதான். அதோட ஜென் ஆர்கெஸ்ட்ரால பேக்கப் ரொம்ப நல்லா இருக்கும். ஒரு விர்ச்சுவல் டிஸ்க் 2 டி.பி.-க்கு மேல போக முடியாதுங்கற வரம்பு அதுல ரொம்ப நாளா இருந்துச்சு. எனக்கு டெபியன் ஏற்கெனவே பழக்கம், அதனால ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் போனேன். உங்க ஆபீஸ் முழுக்க விண்டோஸ், விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு எப்படியும் வாங்கப் போறாங்க, லினக்ஸ்னாலே உங்களுக்கு வியர்க்கும்னா, ஹைப்பர்-வி போடுங்க. அதுக்கான காசு ஏற்கெனவே கட்டியாச்சு, தயங்கவே வேணாம்.

இங்க ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துடறேன். ஹைப்பர்வைசர் இலவசம்னா உள்ள ஓடுற விண்டோஸ் இலவசம் ஆகிடாது. வீடு ஓசியாக் கிடைச்சாலும் அரிசி நாமதான் வாங்கணும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் அந்த மெஷின்ல இருக்குற எல்லா கோருக்கும் எடுக்கணும், குறைஞ்சது 16 கோர். அப்படி எடுத்தா ரெண்டு விண்டோஸ் வி.எம். ஓட்டலாம். மூணாவது வேணும்னா திரும்ப அதே அளவு வாங்கணும். மேல, உள்ள வர்ற ஆட்களுக்கோ சாதனங்களுக்கோ கால்னு தனி லைசென்ஸ். பட்ஜெட் உதைக்கிற இடம் இதுதான், சர்வர் விலை இல்ல. நம்ம தொழிற்சாலையில விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் ஒண்ணு முறைப்படி இருந்துச்சு. கணக்கை மட்டும் விண்டோஸ்ல வச்சுட்டு, டிராயிங் ஃபைல்களை சாம்பா போட்ட ஒரு லினக்ஸ் கன்டெய்னருக்கு மாத்தினோம். யாருக்கும் வித்தியாசம் தெரியல. அவங்களுக்கு வேண்டியது ‘இசட் டிரைவ்’, அது இருந்துச்சு.

சரி, காசுக் கணக்கு. 2024-ல் பழைய பெட்டியை மாத்தணும்னு முடிவாச்சு. முதலாளி கேட்டது ஒண்ணே ஒண்ணு: “ஒரு லட்சத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துருவீங்களா தம்பி? இன்னொருக்கா அந்த மாதிரி ஆகாதுங்களே?”

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையிலேர்ந்து ரீஃபர்பிஷ்டு சர்வர் ஒண்ணு, 16 கோர், 64 ஜி.பி. ஈ.சி.சி. ரேம், ரூ.55,000. பார்சல்ல வந்துச்சு. எண்டர்பிரைஸ் எஸ்.எஸ்.டி. ரெண்டு, ரூ.24,000. பேக்கப்புக்கு 4 டி.பி. ஹார்டு டிஸ்க், ரூ.10,000. நல்ல யு.பி.எஸ்., ரூ.15,000. மொத்தம் ஒரு லட்சத்து நாலாயிரம். அந்த நாலாயிரத்தைப் பத்தி இன்னிக்கும் கேக்குறாரு.

எஸ்.எஸ்.டி.-க்கு ஏன் அவ்வளவு? லேப்டாப்புக்குப் போடுறது பாதி விலைக்குக் கிடைக்குமேன்னு நெனப்பீங்க. நான் இசட்.எஃப்.எஸ். மிரர் போட்டேன். அதாவது ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா, ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வச்சு, கெட்டுப்போனதைக் கண்டுபிடிச்சு இன்னொண்ணுலேர்ந்து சரி பண்ணிக்கும். ஆனா அது நிறைய எழுதும். சாதா எஸ்.எஸ்.டி. அதுல சீக்கிரம் தேஞ்சுடும். கரன்ட் சட்டுனு போனா கையில இருக்குறதை எழுதி முடிக்கிற கெப்பாசிட்டரும் அதுல இருக்காது. இசட்.எஃப்.எஸ். போடுறவங்க ரெய்டு கார்டை வெறும் ஹெச்.பி.ஏ. மோடுக்கு மாத்தணும், டிஸ்க்கை அது நேரடியாப் பாக்கணும். ரெண்டு பேர் ஒரே வண்டியை ஓட்ட முடியாது.

யு.பி.எஸ். சும்மா பேட்டரி பெட்டி இல்ல. அதோட யு.எஸ்.பி. வயரை சர்வர்ல செருகி, நட்னு ஒரு மென்பொருள் போட்டோம். கரன்ட் போய் பேட்டரி ஒரு அளவுக்குக் கீழ இறங்கினா எல்லா வி.எம்.மையும் ஒழுங்கா மூடிட்டு சர்வர் தானா அணைஞ்சுடும். மின்வாரியம் பராமரிப்புக்குன்னு நாள் முழுக்க நிறுத்துவாங்களே, அந்த நாள்ல யாரும் ஓடி வர வேண்டியதில்ல.

நிறுவுறது பத்தி நிறையச் சொல்ல மாட்டேன், அரை மணி நேர வேலை. தடுக்கி விழற இடத்தை மட்டும் சொல்றேன். ஒண்ணு, பயோஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. பழைய பெட்டிகள்ல அணைச்சு வச்சிருப்பாங்க. அடுத்து, போட்டவுடனே அப்டேட் பண்ணினா எர்ரர் வரும், ஏன்னா அது சந்தாக்காரங்க சர்வரைத் தேடுது. ‘நோ-சப்ஸ்கிரிப்ஷன்’ ரெபாசிட்டரிக்கு மாத்தணும். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே இல்லைன்னு சொல்லும், பயப்படாதீங்க. விர்ட்-ஐ.ஓ. டிரைவர் ஐ.எஸ்.ஓ.-வை ரெண்டாவது சி.டி.யா மாட்டி டிரைவரைக் குடுத்தா டிஸ்க் தெரியும். பழைய விண்டோஸ் வி.எம்.மைத் தூக்கிட்டு வரும்போதும் இதே சிக்கல். முதல்ல சாட்டா டிஸ்க்காப் போட்டு எழுப்புங்க. பக்கத்துல ஒரு ஜி.பி.-ல சும்மா ஒரு விர்ட்-ஐ.ஓ. டிஸ்க் மாட்டி டிரைவரை உள்ள ஏத்துங்க. அப்புறம் முக்கிய டிஸ்க்கை மாத்துங்க. நான் அவசரப்பட்டு நேரா மாத்தி, நீலத் திரையைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.-லேர்ந்து வர்றவங்களுக்கு 2024-லேர்ந்து ப்ராக்ஸ்மாக்ஸ்லயே இம்போர்ட் வசதி இருக்கு, பழைய சர்வரோட முகவரியைக் குடுத்தா அதுவே இழுத்துக்கும்.

கிளஸ்டர் போடலாமான்னு கேப்பீங்க. ஒரே சர்வர் இருக்குற இடத்துல அந்த ஆசை வேணாம். ரெண்டு சர்வர் இருந்தாலும், ஒண்ணு படுத்தா மத்ததுக்குப் பெரும்பான்மை இல்லாம அதுவும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். மூணாவதா ஓட்டுப் போட ஒரு ஆள் வேணும்.

காசை கிளஸ்டர்ல போடுறதுக்குப் பதிலா பேக்கப்ல போடுங்க. அக்கா முன்னாடி பயன்படுத்தின பழைய டெஸ்க்டாப் ஒண்ணு மூலையில கிடந்துச்சு. அதுல அந்த 4 டி.பி. டிஸ்க்கை மாட்டி ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் போட்டேன். 2020 நவம்பரில் முதல் நிலையான பதிப்பு வந்தது, இதுவும் கட்டற்றதுதான். முதல் நாள் முழுசா எடுக்கும். அப்புறம் மாறின துண்டுகளை மட்டும் எடுக்கும். ஒரே துண்டு பத்து இடத்துல இருந்தாலும் ஒரு தடவைதான் வைக்கும், அதனால நாலு டி.பி.-ல மாசக்கணக்கா பேக்கப் வச்சிருக்கோம். ராத்திரி பத்து மணிக்குத் தானா ஓடும், வி.எம்.மை நிறுத்தவே வேண்டாம். ஓடலைன்னா எனக்கு மெயில் வரும், டிஸ்க் கெட்டாலும் மெயில் வரும். ஆரஞ்சு விளக்கை நம்பி இனிமே யாரும் இல்ல. அந்த டெஸ்க்டாப்பை ஸ்டோர் ரூம்ல வைக்கல, ஆபீஸ் மாடியில வச்சிருக்கோம். தீப்பிடிச்சா ரெண்டும் ஒண்ணா எரியக் கூடாது. கணக்கு வி.எம்.மோட ஒரு காப்பி மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை முதலாளி வீட்டுக்குப் போற ஒரு டிஸ்க்லயும் ஏறுது. அதை அவர் பீரோவுல நகைப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிருக்காராம்.

இன்னும் ஒரு வேலை இருக்கு, இதைத்தான் அந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட நான் செய்யல. எடுத்த பேக்கப் திரும்ப எழுந்திருக்குமான்னு பாக்குறது. இதை நான் செஞ்சா கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். அதனால அக்காகிட்டயே கேட்டேன். “எனக்கு இதெல்லாம் வருங்களா தம்பி?”ன்னாங்க. பிரவுசர்ல ஒரு பக்கம், அதுல நாலு கிளிக். வேற எண் குடுத்துத் திரும்ப எழுப்பணும், ஆன் பண்றதுக்கு முன்னாடி நெட்வொர்க்கைத் துண்டிக்கணும், இல்லைன்னா ஒரே பேர்ல ரெண்டு மெஷின் ஓடிக் குழப்பம் ஆகிடும். கணக்கைத் தொறந்து கடைசி பில் நம்பரைப் பாத்துட்டு, அழிச்சுடணும். ஒரு நோட்டுல தமிழ்ல எழுதி வச்சிருக்காங்க, ‘ஒயரைப் புடுங்கு’ன்னு சிவப்பு மையில அடிக்கோடு போட்டு.

மாசத்தோட முதல் திங்கக்கிழமை சாயங்காலம் எனக்கு வாட்ஸ்அப் வரும். இந்த மாசம் வந்தது: “தம்பி, 4417 வரைக்கும் இருக்குதுங்க. நேத்தைய பில்லும் இருக்குது.”

நேத்து ஞாயித்துக்கிழமைங்க அக்கா, பில் போட்டீங்களான்னு கேட்டேன். ஓவர்டைம்னு பதில் வந்துச்சு.

உங்க ஆபீஸ்ல என்ன ஓடுது, பேக்கப்பைக் கடைசியா எப்போ திரும்ப எழுப்பிப் பாத்தீங்கன்னு எழுதுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.